36 நிமிட விடையைத் திருத்துவது

'நன்று. இன்னும் விரிவாக எழுதவும்.' க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களின் பயிற்சி விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் குறிப்பு இதுதான். மேலே வட்டத்துக்குள் 20க்கு 11, கீழே ஒரு கையொப்பம். மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்துகிறவருக்கு அதற்குமேல் எழுத நேரம் இராது என்பது தெரியும். ஆனாலும் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. நேரம் போதாமல் பாதியில் நின்ற விடையை இன்னும் விரிவாக எழுதச் சொன்னால், அந்தப் பிள்ளை நேரத்துக்கு எங்கே போகும்?

நான் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம், ஐந்து வினாக்கள். பங்கிட்டால் ஒன்றுக்கு 36 நிமிடம். முன்னால் கொடுக்கப்படும் 10 நிமிட வாசிப்பு நேரம் எந்த ஐந்தை எழுதுவது என்று தெரிவு செய்வதற்கே சரியாகிவிடும். ஆகவே பயிற்சி விடையைத் திருத்துகிறவர் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த 36 நிமிடம் எங்கே செலவானது என்றும் பார்க்க வேண்டும். தாளில் அது தெரியாது. அதனால் என் பிள்ளைகளிடம் ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகக் கேட்டுவாங்கியிருக்கிறேன்: நான் 'பத்து', 'இருபது', 'முப்பது' என்று சொல்லும்போது, பேனா நிற்கும் வரிக்கு நேரே இடது ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட வேண்டும். அதற்காக எழுத்தை நிறுத்தக் கூடாது. தாள் கைக்கு வந்ததும் முதலில் அந்த மூன்று கோடுகளைத்தான் தேடுவேன்.

குருமண்வெளித் துறைக்குப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடந்து மண்டூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் விடையை இங்கே சொல்ல விரும்புகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். வினா நான் அமைத்தது: '1978 அரசியலமைப்பின் கீழ் ஜனாதிபதியின் அதிகாரங்கள் பின்வந்த திருத்தங்களால் எவ்வாறு மாறின என்பதை மதிப்பிடுக.' அழகான கையெழுத்து, எழுத்துப் பிழை மிகக் குறைவு. பத்தாவது நிமிடக் கோடு பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்புக்குப் பக்கத்தில் நின்றது. 1931! கேட்ட காலத்துக்கு அவள் இன்னும் வந்து சேரவில்லை. இருபதாவது கோடு 1972 குடியரசு அரசியலமைப்பில். முப்பதாவது கோடு 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தத்தில். எஞ்சிய ஆறு நிமிடத்தில் 18, 19, 20 மூன்றும் நான்கு வரிக்குள் ஓடின. 2022இன் 21ஆவது திருத்தத்துக்கு இடமே இல்லை.

கடைசி இரண்டு வரிகளில் கையெழுத்துச் சாய்ந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடந்தன. அங்கே அவள் எழுதியிருந்தது இது: 'ஜனாதிபதியைக் கட்டுப்படுத்த வந்த திருத்தங்களும் அவரைப் பலப்படுத்த வந்த திருத்தங்களும் உயர் பதவிகளுக்கான நியமனங்களை யார் தீர்மானிப்பது என்பதையே மாற்றின.' படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். இந்த வினாவுக்கு இதைவிட நல்ல விடை ஒன்றை நானும் சொல்லியிருக்க மாட்டேன். 17ஆவது திருத்தம், உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18 அதை நீக்கி, கருத்து மட்டும் சொல்லக்கூடிய பாராளுமன்றப் பேரவையை வைத்தது. 2015இல் 19 பழையதைத் திரும்பக் கொடுத்தது, 2020இல் 20 மறுபடி எடுத்தது, 21 மறுபடி கொடுத்தது. இந்த இழுபறி முழுவதையும் அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டாள். பிடித்த இடம்தான் 35ஆவது நிமிடம்.

அவள் தாளில் நான் இரண்டு குறிப்புகள் மட்டுமே எழுதினேன். ஒன்று, கடைசி வாக்கியத்தைக் கட்டம்போட்டு, அங்கிருந்து முதல் வரிக்கு ஓர் அம்புக்குறி: 'இதுதான் உன் விடை. இதிலிருந்து தொடங்கு.' மற்றது தகவல் பற்றியது. 20ஆவது திருத்தம் பதவிக்காலத்தை மீண்டும் ஆறு ஆண்டாக்கியது என்று எழுதியிருந்தாள். அது தவறு. 19 கொண்டுவந்த ஐந்து ஆண்டும், இரண்டு தடவைக்குமேல் பதவி வகிக்க முடியாது என்ற வரையறையும் 20க்குப் பின்னும் அப்படியே இருந்தன. மாறியது பாராளுமன்றத்தைக் கலைக்கும் காலம். 19இன்படி நான்கரை ஆண்டு கழியும்வரை ஜனாதிபதி தன் எண்ணப்படி கலைக்க முடியாது. 20 அதை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. இதை ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கோல்புறூக், டொனமூர், சோல்பரி என்று ஒன்றரைப் பக்கம் நீண்ட முன்னுரையில் சிவப்புப் பேனாவே வைக்கவில்லை. அதில் பிழை எதுவும் இல்லை. கேட்காத கேள்விக்குச் சரியான பதில், அவ்வளவுதான். அதை வரிவரியாக வெட்டினால் தன் உழைப்பெல்லாம் குப்பை என்று அந்தப் பிள்ளை நினைக்கும். அவள் அதை மனனம் செய்தது எத்தனையோ இரவுகளில் என்று எனக்குத் தெரியும். இந்தப் பழக்கத்துக்கு அவள் பொறுப்பாளியும் அல்ல. பாடக்குறிப்புகள் எல்லாம் 1833இன் கோல்புறூக் சீர்திருத்தத்திலிருந்து தொடங்குகின்றன, அதனால் விடையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

'மிஸ், எத்தனை புள்ளி?' என்றாள். எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். புள்ளியை நான் உடனே சொல்வதில்லை. ஓரக்கோடுகளைக் காட்டி, 'இருபதாவது நிமிடத்தில் நீ எங்கே இருந்திருக்க வேண்டும், பிள்ளை?' என்று கேட்டேன். விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனாள், 1972இல் விரல் நின்றது. 'பதினெட்டில்' என்றாள். அதன் பிறகுதான் புள்ளி சொன்னேன். 12 கொடுத்திருந்தேன். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டங்களைப் பார்த்தே புள்ளியிடுகிறேன், இரக்கத்துக்காக ஒரு புள்ளியும் கூட்டுவதில்லை. உயர்தரத்தில் நம் புள்ளி தனியாக நிற்பதில்லை. அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியோடும் நியம விலகலோடும் ஒப்பிட்டு இசட் புள்ளியாகிறது. வீட்டில் கூட்டிப் போட்ட இரண்டு புள்ளி அங்கே துணைக்கு வராது.

முழு விடையையும் திரும்ப எழுதச் சொல்லவில்லை. முழுவதையும் மீண்டும் எழுதச் சொல்வது பல இடங்களில் வழக்கம், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நேரக் கட்டுப்பாடு இல்லாமல், நோட்டைப் பார்த்து, நிதானமாக எழுதும் இரண்டாவது விடை வேறொரு வேலை. அது பரீட்சை மண்டபத்தில் உதவாது. அவளை முதல் பந்தியை மட்டும் அங்கேயே, எட்டு நிமிடத்தில் எழுதச் சொன்னேன். கட்டம்போட்ட வாக்கியத்தை முதலில் வைத்தாள். 1978இன் மூல ஏற்பாட்டை இரண்டு வரியில் முடித்தாள். மூன்றாவது வரியில் 17க்கு வந்துவிட்டாள். முந்தைய தாளில் இதே இடத்துக்கு வர அவளுக்கு அரை மணித்தியாலம் பிடித்திருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவள் முகத்தில் வந்த தெளிவுக்காகவே இன்னும் நூறு தாள் திருத்தலாம் என்று தோன்றியது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்பகுதியிலிருந்து எல்லாராலும் வந்துபோக முடியாது. வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர்களுக்குக் குரல் பதிவாகப் பதில் சொல்கிறேன், அதிலும் குறிப்பு இரண்டுக்குமேல் போகாது. வீட்டில் ஒருவரை மணிக்கூடு பார்க்க வைத்துக் கோடு போட்டு அனுப்பினால்தான் திருத்துவேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாமாரும் அம்மம்மாமாரும் இந்த வேலையை மிகச் சரியாகச் செய்கிறார்கள். ஒரு பையனின் தாளில் முப்பதாவது நிமிடக் கோட்டை அவனுடைய அம்மம்மாவே போட்டிருந்தார், நடுங்கிய கோடு.

நவம்பரில் பரீட்சை வைத்தால் இங்கே மழையும் கூடவே வரும். 2024இல் பரீட்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே வெள்ளத்தால் சில நாட்கள் ஒத்திவைத்தார்கள். வீட்டுக்குள் அடைந்திருக்கும் அப்படிப்பட்ட நாட்களில் தடித்த குறிப்புப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டுவதைவிட, திருத்திய தன் விடைகளின் ஓரங்களை ஒருமுறை பார்ப்பது நல்லது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறேன். அதற்காகவே ஒரு கோவை வைத்திருக்கச் சொல்கிறேன், தாள்கள் நனையாமல் பொலித்தீன் உறைக்குள்.

சனிக்கிழமை எழுதப்போவது மாகாண சபைகள் பற்றிய வினா. இந்திய-இலங்கை உடன்படிக்கைக்கு ஒரு வரி, 1987இன் 13ஆவது திருத்தத்துக்கு ஒரு வரி, பிறகு நேராக அதிகாரப் பகிர்வுக்குள் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பத்தாவது நிமிடக் கோடு, மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரங்களைப் பிரித்துக்காட்டும் மூன்று நிரல்களில் ஒன்றின் பக்கத்திலாவது நிற்க வேண்டும்.