நேபோவிலிருந்து மாயின் வெந்நீர் ஊற்றுக்கு

புனித பூமி யாத்திரைக் குழுக்கள் பல, யோர்தான் நாட்டில் ஓரிரு இரவுதான் தங்கும். மாதபாவில் மொசைக் வரைபடம், நேபோ மலையுச்சியில் ஒரு குழுப்படம், பிறகு எல்லையை நோக்கி ஓட்டம். மாதபாவுக்குத் தென்மேற்கே மோவாப் மேட்டுநிலத்தைப் பிளந்துகொண்டு சவக்கடலுக்கு இறங்கும் சர்கா மாயின் பள்ளத்தாக்கு பயணத் திட்டத்தில் அநேகமாக இராது. வேதத்தை வாசித்துவிட்டு வருகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிக் கேட்டு வாங்க வேண்டிய இடம் இது.

எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுத் தண்ணீரைப் பொங்கிவரச் சொல்லி இஸ்ரவேலர் பாடிய பாட்டு வருகிறது. அதை அடுத்து மாத்தனா, நகாலியேல், பாமோத், பிஸ்கா என்று பாளயமிறங்கிய இடங்கள் வரிசையாக வருகின்றன. அதில் வரும் நகாலியேல் இந்தச் சர்கா மாயின் ஓடையாக இருக்கலாம் என்பது வேத ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பிஸ்காவோ நேபோவை ஒட்டிய மலைமுகடு. ஆக, மோசே கானானைப் பார்த்த மலையையும் இந்த ஓடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் வனாந்தரப் பயணத்தின் கடைசிக் கட்டம் கண்ணுக்குப் புலப்படும். நேபோவை மட்டும் பார்த்துத் திரும்புவது கடைசிப் பக்கத்தை மட்டும் வாசிப்பது போலத்தான்.

முடிந்தால் மாதபாவில் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் காலையிலேயே நேபோவுக்குப் போய்விட வேண்டும். காலையில் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். மேற்கே சவக்கடலும் யோர்தான் பள்ளத்தாக்கும் தெளிவாகத் தெரியும். நேரம் ஏற ஏறப் புழுதியும் ஆவியும் சேர்ந்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். இந்த இடம் பிரான்சிஸ்கன் துறவிகளின் பராமரிப்பில் இருக்கிறது. மோசேயின் நினைவு ஆலயம் பல வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. உபாகமம் 34ஐ வாசிப்பதென்றால் வெளியே காட்சிமேடையில் வைத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்குள் வேறு குழுவின் ஆராதனை நடந்துகொண்டிருக்கக் கூடும்.

மாதபாவின் புனித ஜார்ஜ் ஆலயத் தரையில் இருக்கும் 6ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் எருசலேமைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சவக்கடலின் கிழக்குக் கரையையும் கொஞ்சம் பாருங்கள். பேரீச்ச மரங்களோடு கல்லிரோயே வெந்நீர் ஊற்று அங்கே வரையப்பட்டிருக்கிறது. இன்று சாரா என்று அழைக்கப்படும் கரையோர ஊற்று அதுதான். மாயின் வெந்நீர் அருவிகள் அதற்கு மேலே, மலைக்குள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை நடப்பதால் வரைபடத்தை அப்போது பார்க்க முடியாது. நாளைக் குறிக்கும்போதே இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கல்லிரோயேவுக்கு வந்தவர்களில் பெயர் தெரிந்தவன் மகா ஏரோது. பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அதே ஏரோது. சாவுப்படுக்கையில் யோர்தானைத் தாண்டி இந்த ஊற்றுக்கு வந்து குளித்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். வைத்தியர்கள் அவனைச் சூடான எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார்கள். கண் செருகி அவன் மயங்கிவிழ, வேலைக்காரர்கள் போட்ட கூச்சலில் நினைவு திரும்பியது. எரிகோவுக்குத் திரும்பியவன் அங்கேயே செத்தான்.

அவனுடைய மகன் ஏரோது அந்திப்பாவின் கோட்டை தெற்கே சற்றுத் தூரத்தில், முக்காவிர் கிராமத்துக்கு அருகே இருக்கிறது. பழைய பெயர் மக்கேருஸ். யோவான் ஸ்நானன் எந்தச் சிறையில் கொல்லப்பட்டார் என்று சுவிசேஷங்கள் சொல்வதில்லை; இடத்தின் பெயரைச் சொல்கிறவர் யோசேப்பஸ். அப்பன் உயிரைத் தேடி வந்த ஊற்றுக்கும், மகன் தீர்க்கதரிசியின் உயிரை எடுத்த கோட்டைக்கும் நடுவே சில மலைமுகடுகள்தான். வழிகாட்டிகளில் சிலர் இரண்டு ஏரோதுகளையும் ஒருவனாக்கிக் கதை சொல்லிவிடுகிறார்கள். மத்தேயு 2இல் வருகிறவன் அப்பன், மாற்கு 6இல் வருகிறவன் மகன்.

இரண்டாம் நாள் காலையில் மக்கேருஸ், மதியத்துக்குப் பிறகு மாயின் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மாதபாவிலிருந்து முக்காவிர் சுமார் 30 கிலோமீட்டர். குன்றின் மேல் ஏற இருபது நிமிடம் ஆகலாம்; ஒதுங்க நிழல் கிடையாது. மேலே நிற்பவை கொஞ்சம் தூண்களும் அடித்தளங்களும்தான், மாளிகையை எதிர்பார்த்துப் போக வேண்டாம். கோட்டை கி.பி. 72இல் ரோமர் கைக்குப் போனது. மாற்கு 6ஐ வாசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பெரும்பாலும் கூட்டமும் இருக்காது.

மாயின் ஊற்றுக்கு இறங்கும் பாதை தனிக் கதை. மாதபா கடல்மட்டத்துக்கு மேல் எழுநூறு மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது; ஊற்று வளாகமோ கடல்மட்டத்துக்கு 264 மீட்டர் கீழே. ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் இறக்கம், கடைசிப் பகுதி முழுக்க கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், குறைந்த கியரில்தான் வர வேண்டும். பெரிய பேருந்தைவிட வேன் நல்லது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். வளாகத்துக்குள் நுழையத் தனிக் கட்டணம் உண்டு, யோர்தான் தினாரில் ரொக்கமும் வைத்திருங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எரிகிற எரிமலை எதுவும் இங்கே இல்லை. மேட்டுநிலத்தில் பெய்யும் குளிர்கால மழை பாறை வழியாக ஆழத்துக்கு இறங்கிப் பூமியின் சூட்டில் காய்கிறது. பிறகு சவக்கடல் பிளவை ஒட்டிய விரிசல்கள் வழியாக மேலே வருகிறது. ஊற்றுக்கண்ணில் சூடு 63 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் கந்தக வாயுவுடையது. அருவி விழும் பாறையில் வழவழவென்று படிந்திருப்பது தண்ணீர் கொண்டுவந்த சுண்ணாம்பு. அதன்மேல் பாசி சேரும்போதுதான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். பிடிப்புள்ள ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது.

63 டிகிரி என்பதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு வினாடியில் தோலை வேகவைத்துவிடும், குழந்தைக்கு அதற்கும் குறைவான நேரமே போதும். அருவி உயரத்திலிருந்து சிதறி விழும்போது காற்றில் கொஞ்சம் ஆறுகிறது, அதனால் விழும் இடமும் குட்டையும் தாங்கும்படி இருக்கும். பாறையை ஒட்டி நேராக வழியும் தாரை அப்படியல்ல. கையை நீட்டாமல் முழங்கையால் சூடு பார்த்துவிட்டு, குட்டையின் ஓரத்தில் முதலில் பாதம், பிறகு முழங்கால் என்று இறங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக இருக்க வேண்டாம். வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. சட்டென்று எழுந்தால் தலைக்கு இரத்தம் போதாமல் மயக்கம் வரும். ஏரோதின் கண் செருகியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எந்த மருத்துவருக்கும் தோன்றும். இதய நோயாளிகள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் கரையில் உட்கார்வதே மேல். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் காலைக்கூட நனைக்க வேண்டாம். சூடு உறைக்காமலே கொப்பளித்துவிடும்.

வெள்ளிக் கொலுசு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள், கந்தகம் கறுக்கவைத்துவிடும். சுற்றிலும் உள்ளூர் முஸ்லிம் குடும்பங்கள் குளிப்பதால் பெண்கள் முழுக்கைச் சுடிதாரில் இறங்குவது மரியாதை. பருத்தி வேண்டாம், சீக்கிரம் உலரும் அடர்நிறத் துணி நல்லது. சேலை நனைந்தால் காலைச் சுற்றித் தடுக்கிவிடும். வெள்ளிக்கிழமை அந்நாட்டில் விடுமுறை, இடம் நிரம்பி வழியும். சத்தமாகப் பாடுவதும் ஜெபிப்பதும் அங்கே பொருந்தாது. அதை வேனிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஞானஸ்நான இடம் அல்ல. அதற்கு யோர்தான் நதிக்கரையில் அல்-மக்தாஸ் இருக்கிறது. மாயின் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்துத் தீர்த்தமாகக் கொண்டுவருவதற்கு வேத ஆதாரம் எதுவும் இல்லை. குடிக்கவும் கூடாது. ஆனாலும் நோயாளிகளான விசுவாசிகள் இங்கே வந்தது புதிதல்ல. 5ஆம் நூற்றாண்டில் ஐபீரியரான (இன்றைய ஜார்ஜியா நாட்டவரான) ஆயர் பேதுரு உடல்நலம் தேடி மாதபாவை அடுத்த இந்த ஊற்றுகளுக்கு வந்த வழியில்தான் நேபோவில் வணங்கினார். உடம்புக்கு இதம் என்று குளிப்பதில் தவறில்லை, அதற்கு மேல் எதையும் தண்ணீரின் மேல் ஏற்றாமல் இருந்தால் போதும்.

சவக்கடலும் அதே பயணத்தில் இருந்தால் அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. முகச்சவரம் செய்த கன்னமும் சிறு கீறலும் தீயாய் எரியும். வயதானவர்களை ஒரே மாலையில் இரண்டிலும் இறக்க வேண்டாம்.

மார்ச், ஏப்ரல், அக்டோபர் பின்பாதி, நவம்பர் ஆகியவை தட்பவெப்பத்துக்கு ஏற்ற மாதங்கள். கோடையில் பள்ளத்தாக்கு அடுப்பு. ஆனால் மழைக்காலம் தொடங்கும் வாரங்களில் வேறொரு ஆபத்து உண்டு. மேட்டில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். 2018 அக்டோபர் 25 அன்று சர்கா மாயின் சவக்கடலில் சேரும் பகுதியில் அப்படி வந்த வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள். பலர் பள்ளிக் குழந்தைகள். மாதபா பக்கம் மேகம் கறுத்தால் ஓடைப் படுகையில் நடக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். ஓட்டுநர் இன்று இறங்க வேண்டாம் என்றால் கட்டணம் போனாலும் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள்.