சூப்பர் ஹீரோ படம் பிள்ளைகளுக்கு, குடும்பப் படம் பெரியவர்களுக்கா?

சூப்பர் ஹீரோ படம் சின்னப் பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் உரியது, குடும்பப் படம் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் நம்மிடையே அழுத்தமாகப் பதிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் பள்ளி விடுமுறை வந்தால் அக்கா மகன் ஒரு பக்கமும் என் அம்மா மறுபக்கமும் நின்று, எந்தப் படத்துக்குப் போவது என்று வாதாடுவார்கள். குடும்பத்தோடு தியேட்டருக்குப் போவது எப்போதாவது ஒருமுறைதான் என்பதால் அந்த வாதத்தில் விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனம் வராது. இத்தனை காலம் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்தப் பிரிவினையைப் பார்வையாளர்களின் ரசனை உண்டாக்கவில்லை, படங்கள் கதை சொல்லும் முறைதான் உண்டாக்கியிருக்கிறது.

சேலத்துக்காரர்களான நமக்கு இது மற்றவர்களைவிட எளிதாக விளங்க வேண்டும். ஏற்காடு சாலையில் இன்று நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம்தான் 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தைத் தந்தது. டி.ஆர். சுந்தரம் இயக்கிய அந்தப் படமே தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். மந்திரச் சொல்லுக்குத் திறக்கும் குகையும் கத்திச் சண்டையும் உள்ள அந்தக் கதையின் நடுவில், ஏழைத் தம்பியை மதிக்காத பணக்கார அண்ணன் ஒருவன் இருக்கிறான். எம்.ஜி.ஆருக்கு அண்ணனாக அவருடைய சொந்த அண்ணன் எம்.ஜி. சக்கரபாணியே நடித்தார். பாறை நகர்வதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளந்திருப்பார்கள். பேராசை பிடித்த அண்ணன் குகைக்குள் மாட்டிக்கொள்ளும்போது, பக்கத்தில் இருந்த பெரியவர்களுக்குத் தங்கள் பங்காளிகளின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அது சாகசப் படமா, குடும்பப் படமா என்று கேட்க வேண்டிய தேவை அன்று யாருக்கும் இருந்திருக்காது.

அந்தத் தேவை எப்படி வந்தது என்பதை 2019இல் மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படமான ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ பார்க்கப் போனபோது நேரில் கண்டேன். தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். அக்கா மகனுக்கு அது பெருங்குறை. வருடக்கணக்காகக் கேட்டுப் பழகிய குரல் போய்விட்டதே என்று இடைவேளை வரை பொருமிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கோ அந்தப் படத்தில் முன்பே தெரிந்த ஒன்று என்றால் அந்தக் குரல் மட்டும்தான். ஒரே முடிவு ரசிகனை வருத்தியது, புதிதாக வந்தவருக்குக் கைகொடுத்தது.

ஆனால் குரல் மட்டும் போதவில்லை. ஒன்றோடொன்று கதை தொடரும் மார்வெல் பட வரிசையில் அது 22ஆவது படம். அயர்ன் மேன் உயிர் விடும் இடத்தில் ஸ்பைடர் மேன் அழுவதைப் பார்த்த அம்மா, “ஏங் கண்ணு, அந்தப் பையன் இவருக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்டார். “மகன் மாதிரி, அம்மாயி” என்றான் அவன். “மாதிரின்னா? எடுத்து வளர்த்தாரா?” அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் முந்தைய படங்களின் கதையை முழுவதும் சொல்ல வேண்டும். அவன் குசுகுசுவென்று சொல்ல ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருந்தவர் திரும்பி முறைத்தார். அத்தோடு பேச்சு நின்றது. அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. யாருக்கு யார் என்ன உறவு என்பது தெரியாமல் ஒரு சாவுக்கு எப்படி அழுவது?

அதே படத்தின் இறுதிச் சடங்குக் காட்சியை அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை. இறந்தவரின் நெஞ்சில் இருந்த கருவியை மலர் வளையத்தில் வைத்து ஏரியில் மிதக்க விடுகிறார்கள். மனைவியும் சின்ன மகளும் கரையில் நிற்கிறார்கள். பவானி கூடுதுறையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு நின்றதைப் போலத்தான் அது எங்களுக்கு இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் அந்தப் படத்துக்குள் ஒரு நல்ல குடும்பப் படம் இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் நுழைவதற்கு மட்டும் முன்படிப்பு தேவைப்படுகிறது. அதே ஆண்டில் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி இந்த மார்வெல் படங்களெல்லாம் சினிமாவே அல்ல, கேளிக்கைப் பூங்காக்கள் போன்றவை என்று சொல்லி உலகெங்கும் பெரிய விவாதத்தைக் கிளப்பினார். என்னால் அவரோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. பூங்காவுக்குள் போகிறவர் யாரும் இப்படி முன்கதை படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

நம்முடைய குடும்பப் படங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அண்மைக் காலமாக வரும் பெரிய குடும்பப் படங்கள் பலவற்றில் சிறுவர்களுக்கு இரண்டே வேலைகள்தான்: ஒன்று, வயதுக்கு மீறிப் பேசிச் சிரிக்க வைப்பது, இல்லையென்றால், பேச்சுவார்த்தை இல்லாத பெரியவர்கள் ஒன்றுசேர்வதற்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பது. அப்படியொரு படம் பார்த்துவிட்டு வந்து தட்டு வடை செட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மகன், “மாமா, அந்தப் பையனுக்கு இந்தக் கதையில என்ன வேலை?” என்று கேட்டான். அம்மா தியேட்டரில் கேட்ட கேள்விக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை அது. பெரியவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். 1986இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டுக்குள் கோடு போட்டுப் பிரிந்த குடும்பம் மீண்டும் கூடும் வேளையில், மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போவதே நல்லது என்று நின்றுவிடுகிறாள். அந்த முடிவைப் பற்றி எங்கள் வீட்டில் பெரியம்மாவும் அம்மாவும் இப்போதும் எதிரெதிராகத்தான் பேசுவார்கள். இன்றைய படங்களோ எல்லாரும் ஒன்றாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுவதால், வீட்டுக்கு எடுத்து வந்து பேசுவதற்கு அவற்றில் ஒன்றும் இருப்பதில்லை.

இரண்டு பக்கத்தாரையும் சேர்த்து உட்கார வைத்தது மலையாளத்தின் ‘மின்னல் முரளி’. அது 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நெட்ஃபிளிக்ஸில் நேரடியாக வந்தது. மின்னல் தாக்கிய தையல்காரனுக்கு, அவனிடம் வந்திருக்கும் சக்தி என்ன என்று எடுத்துச் சொல்வது அவனுடைய அக்கா மகன்தான். அந்தச் சிறுவன் இல்லாமல் கதை நகராது. அதனால் எங்கள் வீட்டு அக்கா மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அம்மாவோ வில்லன் பக்கம் சாய்ந்துவிட்டார். நம்ம தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு, ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்தவன்; ஊரார் அவனை மனிதனாக நடத்தியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது என்பது அம்மாவின் கட்சி. அதற்காக ஊரையே கொளுத்துவதா என்பது பேரனின் கட்சி. யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஹீரோ எப்படிப்பட்டவன், அவனுக்கு யார் உறவு, எதனால் சக்தி வந்தது என்பதெல்லாம் அந்த ஒரே படத்துக்குள் முழுமையாக இருந்தது. அதைத் தியேட்டரில் சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது தணிக்கைச் சான்றிதழில், பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கக்கூடிய யுஏ பிரிவை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு அது நல்ல உதவி. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் அதேபோல் ஓர் உதவி தேவைப்படுகிறது. முந்தைய பாகங்களைப் பார்க்காதவருக்கும் இந்தப் படம் புரியுமா என்பதைப் படக்காரர்களே போஸ்டரில் ஒரு வரி போட்டுவிட்டால், அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்பதை நான் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வேன்.