ஜெபக் கூட்டத்துக்கு முன்னால் சாதிச் சான்றிதழ்

கிராம ஊழியத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் விசாரிப்பது கூட்டம் எங்கே, பாட்டு என்ன என்பதைத்தான். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் ஒரு மிஷனுக்காக வேலை செய்தவன் நான். புதிதாக வந்த பிள்ளைகளை முதலில், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிற இ-சேவை மையத்துக்குத்தான் அழைத்துப் போவேன். பைபிளை அப்புறம் திறக்கலாம்.

காரணம் இருக்கிறது. பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் உண்டா என்று கேட்பார்கள். வாழ்நாளெல்லாம் வயல் எலி பிடித்தும் கருவேல மரம் வெட்டியும் காலம் தள்ளிய மனிதரிடம் அது எப்படி இருக்கும்? இருளர் என்றால் பாம்பு பிடித்துக் காட்டு என்று கேட்ட அதிகாரிகளும் உண்டு. அந்தக் காகிதம் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகை கிடைக்காது, கல்லூரியில் இட ஒதுக்கீடும் கிடைக்காது. கடைசியில் அப்பா அம்மாவோடு சூளைக்குப் போகும்.

செங்கல் சூளையில் பெரும்பாலும் முன்பணம்தான் எல்லாம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய பணம் அது. பொங்கல் முடிந்ததும் குடும்பமே மூட்டை கட்டும். மழை தொடங்கினால்தான் திரும்பும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் கடன் பிடித்தம், அரிசிக்குப் பிடித்தம். கணக்கு நோட்டு மேஸ்திரி கையில். வருஷம் முடியும்போது கடன் ஏறியிருக்குமே தவிர இறங்கியிருக்காது. இதற்கென்றே 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி பழைய கடன் செல்லாது; விடுதலைச் சான்றிதழ் கையில் இருந்தால் மறுவாழ்வு நிதியும் உண்டு. சபைகளில் வருஷக்கணக்காக விடுதலையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற பலருக்கு இந்தச் சட்டத்தின் பெயரே தெரியாது என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

மிஷன் மாதாந்திர அறிக்கைப் படிவத்தில் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு கட்டம், வீடு சந்திப்புக்கு ஒரு கட்டம், ஞானஸ்நானத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். சான்றிதழுக்குக் கட்டம் கிடையாது. ‘இதர’ என்ற கட்டத்தில்தான் நுணுக்கி நுணுக்கி எழுதுவேன். "இதெல்லாம் ஊழியமா தம்பி?" என்று மேலே இருந்த ஒரு பெரியவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வருகிற குடும்பங்கள் மாசி மகத்துக்குக் கன்னியம்மாவைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவதும் அவருக்குக் குறைதான். எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஒரு மூட்டை அரிசி கொடுத்தோம் என்பதற்காக ஒருவருடைய குலதெய்வத்தைக் கேள்வி கேட்கிற உரிமை நமக்கு வந்துவிடாது. அரிசி கொடுக்கிற நாளில் ஜெபக் கூட்டம் வைப்பதில்லை என்று நாங்கள் சிலர் எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். மாவுக்கும் பால் பவுடருக்கும் வேதத்துக்குப் போனவர்கள், அதாவது கிறிஸ்தவர் ஆனவர்கள், என்ற ஏச்சைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

பக்கத்துக் காலனியில் சிக்கல் வேறு மாதிரி. இருளர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சட்டப்படி பழங்குடிதான். பட்டியல் சாதிக்கு அப்படி இல்லை. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை அந்தத் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். "ஞானஸ்நானம் எடுத்தா பொண்ணோட சர்டிபிகேட் என்ன சார் ஆகும்?" என்று ஒரு தகப்பன் கேட்டார். உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவர் யோசித்து, பெண் படிப்பு முடியட்டும் என்றார். விசுவாசத்தில் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். சேரியில் பிறந்தவனுக்கு ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே ஊரில் டீக்கடை கிளாஸ் மாறிவிடுமா என்ன? அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு.

2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவின் வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய அமைப்பு தான் வாங்கிய பணத்தைச் சின்ன அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை வந்தது. எங்களைப் போன்ற சின்ன மிஷன்கள் அப்படி வந்த பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. கள ஊழியர் பலர் வீட்டுக்குப் போனார்கள், நானும்தான்.

இப்போது அந்த வேலையை அங்குள்ள ஒரு சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கம் பார்க்கிறது. உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசியை விற்பார்கள்; அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைச் சந்தை விலைக்குப் பல மடங்கு ஏற்றிவிடுவார்கள். கோட்டாட்சியர் விசாரணைக்குக் குடும்பங்களை ஏற்றிப் போகிற வேன் வாடகைக்கு அந்தப் பணம் போகிறது. விண்ணப்பத்தில் எங்கே தகராறு வரும் என்று கேட்டு அவ்வப்போது எனக்குப் போன் செய்வார்கள். பெரும்பாலும் அப்பா பெயரின் எழுத்துப் பிழைதான். ஆதாரில் ஒன்று இருக்கும், ரேஷன் கார்டில் வேறொன்று இருக்கும்.