கல்வீட்டு முன்னறை கடையாகிறது: சுவர் வேலை முடிந்த வரை

பழைய கல்வீட்டின் முன்னறை மட்டும் கடை. பின்பக்கம் வீடாகவே இருக்கும். அலமாரிக்கு அளவெடுக்கப் போன இடத்தில் சுவர் குறுக்கே நின்றது. பிற்காலத்தில் யாரோ கல் இடுக்குகளில் சிமெண்ட் அடைத்திருக்கிறார்கள். இடுக்கு வழியே வெளியேற வேண்டிய ஈரம் கல் வழியே வெளியேறுகிறது. கூடவே வரும் உப்பு கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, முகத்தைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளுகிறது.

சிமெண்டை எடுத்தது உளியும் சிறு சுத்தியலும் வைத்துத்தான். கிரைண்டர் வேகமாகப் போகும், ஆனால் வட்டு கொஞ்சம் வழுக்கினாலும் கல் விளிம்பு போய்விடும். ஆழம் இடுக்கின் அகலத்தைப் போல இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. கல்லோடு இறுகப் பிடித்திருந்த சில இடங்களில் சிமெண்டை அப்படியே விட்டாயிற்று. நெம்பினால் கல்லும் சேர்ந்து வரும்.

காரைக்கு, நீற்றி மூன்று மாதம் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய சொரசொரப்பான மணல் 3 பங்கு. கடல் மணல் ஆகாது, உப்பு மறுபடி உள்ளே போகும். முதல் கலவையில் தண்ணீர் கூடிப்போய், காய்ந்ததும் கல்லோரமாக முடியளவு வெடிப்பு விட்டது. அடுத்ததில் தண்ணீரே சேர்க்கவில்லை. கட்டையால் குத்தக் குத்தச் சுண்ணாம்பே இளகிக் கொடுக்கும். கரணையைக் கவிழ்த்தாலும் காரை விழாமல் ஒட்டியிருந்தால் பதம் சரி. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

இடுக்கைத் தூசி தட்டி நனைத்து, தண்ணீர் மினுக்கம் அடங்கியதும் அடைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அகலமான இடுக்கில் சில்லுக்கல்லைச் செருகலாம். கட்டைவிரல் அழுத்தினால் பள்ளம் விழாது, நகத்தால் கீறினால் கோடு விழும் என்ற நிலை வரும்போது முரட்டுப் பிரஷால் குத்த வேண்டும். மேலே படிந்த வழவழப்பு உடைந்து மணல் தெரியும், காற்று உள்ளே போகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும் என்பதால் ஒரு வாரம் நனைத்த சாக்கு தொங்கியது. சாக்கு விலகிய ஒரு மூலையில் காரை விரலோடு மாவாக உதிர்ந்தது. சுரண்டி மறுபடி அடைத்தாயிற்று.

அலமாரியின் எடை முழுக்கத் தரையில். சாயாமல் பிடிக்க மட்டும் துருப்பிடிக்காத எஃகுத் திருகு, அதுவும் காரை இடுக்கில். சாதா இரும்பு துருவேறி வீங்கிக் கல்லைப் பிளக்கும். பின்பலகை கிடையாது, சுவருக்கும் சரக்குக்கும் நடுவே 50 மி.மீ. விட்டிருக்கிறது.

வாசலை அகலப்படுத்துவது பொறியாளர் பார்த்த பிறகுதான். இரண்டு பக்கம் கல், நடுவே சல்லி நிரப்பிய சுவர் இது. முட்டு கொடுக்காமல் ஒரு கல்லை உருவினால் உள்ளிருப்பது கொட்டத் தொடங்கும்.

உப்பு இன்னும் பூக்கிறது. காய்ந்த பிரஷால் தட்டி, தூளைக் கையோடு அள்ளி வெளியே போட வேண்டும்; தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேயே இறங்கும். அது நிற்கும் வரை வெள்ளையடிப்பு தள்ளிப் போகிறது.