பன்ச் அவுட் பண்ணதுக்கப்புறம் வேலை வாங்குற மேனேஜர், அந்த ஓவர்டைம் காசை வாங்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு

ஒருவழியா இந்த மாச பே ஸ்லிப்புல வந்துருச்சு, முழுசா இல்ல. அதான் எரிச்சல்.

எங்க மேனேஜர் ஒரு நாள்கூட "ஓடி (ஓவர்டைம்) பாரு"ன்னு சொன்னது கிடையாது. பன்ச் அவுட் பண்ணிட்டு பையை மாட்டும்போதுதான் வருவாரு, "சின்ன வேலைதான், அந்த ரிப்போர்ட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு". அந்தச் சின்ன வேலை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். திரும்ப பன்ச் இன் பண்றேன்னா "எதுக்குப்பா, சிஸ்டம் குழம்பிடும்"பாரு. எல்லாமே வாய்ப்பேச்சு, இல்லன்னா போன் கால், எழுத்துல ஒரு வரி இருக்காது.

எச்ஆர்ல போய் கேட்டா அங்க இருந்தவரு மானிட்டரை என் பக்கம் திருப்பி "நீங்க ஆறு மணிக்கே கிளம்பிட்டதா இருக்கே"ன்னாரு. சரி ரெகுலரைஸ் பண்ணுங்க, அதாவது நிஜமா வேலை பார்த்த நேரத்தைப் பதிவுல ஏத்துங்கன்னேன். அதுக்கு ஓடி அப்ரூவல் ஃபார்ம் வேணுமாம், வேலைக்கு முன்னாடியே மேனேஜர் கையெழுத்து போட்டிருக்கணுமாம். எந்த மேனேஜர்? அதே மேனேஜர்! சம்பளம் போடுற வாரம் முடிஞ்சு வாங்கன்னாங்க, போனேன், சீட்டுல ஆள் லீவு.

அப்புறம்தான் ரூட்டை மாத்தினேன். சண்டையெல்லாம் போடல, முடியாதுன்னும் சொல்லல. அவர் வாயால கேட்ட அடுத்த நிமிஷம் மெசேஜ்: "சார், இப்போ கேட்ட ரிப்போர்ட்டை இன்னைக்கே முடிக்கணும்னா திரும்ப பன்ச் இன் பண்ணி ஓடில போட்டுக்கறேன், இல்லன்னா நாளைக்குக் காலையில முதல் வேலையா முடிச்சுடறேன், எது ஓகே?" இவ்ளோதான். குரூப்ல போடாதீங்க, அவரை அவமானப்படுத்தறதா திருப்பிடுவாங்க, தனியா அனுப்புங்க. பாதி நாள் பதில் "நாளைக்கு பாத்துக்கலாம்". அவ்ளோ அவசரமா இருந்த ரிப்போர்ட், காசுன்னதும் காலையில வரைக்கும் தாங்குது பாருங்க! ரெண்டு மூணு தடவை மட்டும் "இன்னைக்கே வேணும், முடி"ன்னு பதில் போட்டாரு, எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

பழைய நாளுக்கெல்லாம் தேதி, என்ன வேலை, யார் கேட்டாங்க, எத்தனை மணிக்கு முடிஞ்சதுன்னு சொந்த நோட்டுல அன்னன்னைக்கே எழுதி வச்சிருந்தேன். நீங்களும் எழுதுங்க, ஆனா ஆதாரம்னு நினைச்சு கம்பெனி ஃபைலை சொந்த மெயிலுக்கு அனுப்பிடாதீங்க, அதையே குத்தமா திருப்பி நம்ம மேல பாய்ச்சுவாங்க. ரிப்போர்ட் அனுப்பின மெயில்லயே நேரம் இருக்கும், தேதியச் சொன்னா அவங்களே எடுத்துப் பாத்துக்கலாம்.

நடுவுல மேனேஜர் "நான் உத்தரவு போடல, ரிக்வெஸ்ட்தானே பண்ணேன்"னு ஒரு பாயின்ட் விட்டாரு. கேட்டு வாங்கினாலும், தெரிஞ்சே விட்டுட்டு வேடிக்கை பாத்தாலும் அது வேலை நேரம்தான்னு பல நாட்டு சட்டம் சொல்லுது, அமெரிக்காவுல 1938ல வந்த சட்டத்துலயே அப்படித்தான். ஐஎல்ஓவோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) முதல் உடன்படிக்கை 1919ல வந்தது, ஃபேக்டரி மாதிரி இடங்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48ன்னு வரையறுத்து, ஓவர்டைமுக்குக் குறைஞ்சது ஒண்ணேகால் மடங்கு கூலின்னு வச்சாங்க, 1930ல கடை, ஆபீஸுக்கும் தனியா ஒண்ணு போட்டாங்க. எல்லா நாடும் கையெழுத்து போடல, அதனால உங்க ஊர் சட்டத்தைப் பாத்துட்டே பேசுங்க. முக்கியமா மேனேஜர் லெவல் ஆளுங்களுக்குப் பல இடத்துல ஓடி கிடையாது, அந்த சாக்குல பேருக்கு 'லீட்'னு ஒரு பட்டம் குடுத்து வாயடைக்கப் பாப்பாங்க (எனக்கும் அந்த ஆஃபர் வந்துச்சு). பட்டத்தை விடுங்க, நிஜமா என்ன வேலை பாக்கறீங்கன்னுதான் பல சட்டம் பாக்கும்.

கடைசியா எல்லாத்தையும் ஒரே மெயில்ல, தேதி வாரியா, கோபமான வார்த்தை ஒண்ணுகூட இல்லாம எச்ஆருக்கும் அவங்க மேலதிகாரிக்கும் அனுப்பினேன். அதுவரைக்கும் அசையாத ஃபார்ம் மறுநாளே நகந்துச்சு. மெசேஜ்ல பதில் இருந்த நாளுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க, வாய்வழி சொன்ன நாளெல்லாம் போச்சு. பதிலுக்கு காம்ப் ஆஃப் (காசுக்குப் பதிலா லீவு) தர்றோம்னாங்க, எந்த தேதிக்குள்ள எடுக்கலாம்னு மெயில்ல கேட்டேன், பேச்சு அப்படியே நின்னுடுச்சு.

பே ஸ்லிப்பைப் பாத்தா அந்தத் தொகை 'இன்சென்டிவ்'னு வந்திருக்கு, என்னமோ இவங்களா பாத்துக் குடுத்த மாதிரி. ஓவர்டைம்னு மாத்தச் சொல்லி அதுக்கும் ஒரு மெயில் தட்டியிருக்கேன்.