சனிக்கிழமைக் கூலி

27 ஜூலை 2024, கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு)

ஓணத்துக்கு இன்னும் ஏழு வாரம். கைத்தறித் துணி எடுத்து, தைத்துக் கடைகளுக்குத் தருகிற சின்னத் தொழில் எங்களுடையது. கையிலிருந்த பணமெல்லாம் துணியாகி அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. குத்தாம்புள்ளி நெசவுக்கார அண்ணனுக்குப் பாவு (தறியின் நீள நூல்) ஓட்டும்போதே பாதிப் பணம், துணி எடுக்கும்போது மீதி. இங்கே தைக்கிற அக்காமார் நான்கு பேருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. எங்களிடம் வாங்கும் கடைக்காரர்கள் மட்டும் "ஓணம் கழியட்டே சேச்சி" (ஓணம் முடியட்டும் அக்கா) என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள மாதங்களை யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதைச் சுமப்பவர் தைக்கிறவரும் நெய்கிறவரும்தான். இங்கே அது என் தலையில் இருக்கட்டும் என்று சொல்லித்தான் தொடங்கினேன். சொன்னபோது சுலபமாக இருந்தது.

31 ஜூலை

நேற்று விடியும் முன்பே வயநாட்டில் மலை இடிந்து இறங்கிவிட்டது. முண்டக்கை, சூரல்மலை. இரண்டு நாளாக மெஷின் ஓடவில்லை. அக்காமார் எல்லாரும் டிவி முன்னால். யாரும் எழுந்திருக்கவும் இல்லை, நான் எழுப்பவும் இல்லை.

7 ஆகஸ்ட்

தேசியக் கைத்தறி நாள். 1905-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள் இது என்பதால் 2015 முதல் இப்படி அனுசரிக்கிறார்கள். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் சேலைப் படங்கள்தான்.

அதற்கு நடுவே ஈரோட்டுத் தரகர் ஒருவரும் படம் அனுப்பியிருந்தார். விசைத்தறியில் நெய்த கசவு (ஜரிகைக் கரை வைத்த கேரளத் துணி), பார்க்கக் கைத்தறியின் அச்சு அசல். விலை நான் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "மலையாளத்துக்காரங்களுக்கே வித்தியாசம் தெரியாதுக்கா" என்று குரல் செய்தி வேறு. அவர் சொல்வது பொய்யில்லை. 1985-ல் வந்த சட்டப்படி சேலை, வேட்டி உட்பட 11 ரகங்கள் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டவை. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, சந்தை பாட்டுக்கு நடக்கிறது. கைத்தறிக்குப் பேர்போன ஊர்களிலேயே விசைத்தறித் துணி கைத்தறி என்று விற்கிறது.

இந்த மாதக் கணக்கைப் பார்த்தால் அந்தத் துணி என்னைக் காப்பாற்றும். அண்ணன் நாள் முழுக்க தறி மிதித்தாலும் ஒரு செட்டுமுண்டு (பெண்கள் உடுத்தும் இரண்டு துண்டுக் கேரள உடை) முடிவதே பெரிது. அவரிடம் போய் "இந்தத் தடவை வேண்டாம் அண்ணா" என்று சொன்னால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், சரி என்பார். அந்தச் சரியை நினைத்துத்தான் தரகருக்குப் பதில் போடவில்லை.

24 ஆகஸ்ட்

பயந்தது நடந்தது. வயநாட்டுத் துயரத்தால் ஓண வாரக் கொண்டாட்டம் இல்லை என்று அரசு சொன்னதுமே ஆபீஸ்களும் கல்லூரிகளும் பின்வாங்க ஆரம்பித்துவிட்டன. ஆபீஸ், கல்லூரி ஓணக் கொண்டாட்டத்துக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்துவதற்கு மொத்தமாகத் துணி எடுப்பது இங்கே வழக்கம். எங்களுக்கு அதுதான் ஆண்டின் பெரிய விற்பனை. பாலக்காட்டில் ஓர் ஆபீஸ் சொல்லியிருந்த 60 குர்த்தா வேண்டாம் என்று ஃபோன் வந்தது. அரசு ஊழியர்களிடம் ஐந்து நாள் சம்பளத்தை நிவாரண நிதிக்குக் கேட்டிருக்கிறார்கள், இதில் புதுத்துணி யார் எடுப்பார்கள்? கோபப்படக்கூட வழியில்லை. கொடுத்த முன்பணத்தை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, அதுவே பெரிய மனசு.

இன்று சனிக்கிழமை. கேஎஸ்எஃப்இ (கேரள அரசின் சீட்டு நிறுவனம்) சிட்டியை, அதாவது சீட்டை, ஏலத்தில் தள்ளி எடுத்ததில் கூலி கொடுத்தாயிற்று. மகளின் கல்லூரிக்கென்று போட்டுவந்த சிட்டி அது. வீட்டில் இதைப் பற்றி இரண்டு நாள் பேச்சில்லை.

30 ஆகஸ்ட்

ஏப்ரலில் விஷுவுக்குப் பில் போட்டு எடுத்த சரக்குக்கு ஒரு கடை இன்னும் பணம் தரவில்லை. ஆடிட்டர் தம்பி சொன்னதைக் குறித்து வைக்கிறேன், என்னைப் போன்ற யாருக்காவது உதவும். நாம் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்த குறு உற்பத்தியாளர் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். இது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. பேங்க் ரேட் இந்த 2024 ஆகஸ்டில் 6.75 சதவீதம், ஆக வட்டி 20.25. போதாக்குறைக்கு 2024 ஏப்ரலிலிருந்து, கெடுவுக்குள் தராத பாக்கியை, அதைத் தருகிறவரை கடைக்காரர் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

இதையெல்லாம் மரியாதையாக ஒரு செய்தியாக்கி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பாதி வந்தது. மீதி? ஓணம் கழியட்டே.

6 செப்டம்பர்

அத்தம், ஓணத்தின் பத்து நாளில் முதல் நாள். தெருவில் பூக்களம் சின்னதாகத்தான் போட்டிருக்கிறார்கள். குழந்தைகளின் பட்டுப்பாவாடை மட்டும் போகிறது. பெரியவர்கள் தங்களுக்கு வேண்டாம் என்றாலும் பிள்ளைகளுக்கு எடுக்கிறார்கள்.

21 செப்டம்பர்

ஓணம் போயிற்று. எல்லைப்புறத்தில் இருப்பதில் ஒரு வசதி, அடுத்த பண்டிகை மேற்கே இல்லாவிட்டால் கிழக்கே இருக்கும். தீபாவளி அக்டோபர் 31. வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். வெளிமாநில விற்பனை என்பதால் சின்னக் கடையானாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அது முன்பே இருக்கிறது.

ஆபீஸ் வேண்டாம் என்ற வெள்ளைத் துணியைக் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் சிவப்பாக்கப் போகிறோம். கசவு வைத்ததைத் தொடவில்லை, ஜரிகை கறுத்துவிடும். குர்த்தா விலை 990. இந்த 2024-ல் ஆயிரத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி 5-லிருந்து 12 சதவீதமாகிவிடும். அந்த 990-ல் துணி 450, தையல் 200, சாயம், பட்டன், நூல் 90. மிச்சம் 250-ல் வாடகை, கரண்ட், கூரியர். கடை வழியாகப் போனால் இதில் கடைக்காரர் கழிவுக்கே பற்றாது. அதனால் இனி கடனுக்குச் சரக்கு இல்லை. வேண்டுகிறவர்கள் பாதிப் பணம் கட்டட்டும், தைத்துத் தருகிறோம்.

கோவையில் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் இன்றே கட்டிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமைக் கூலிக்கு அது போதும். அதற்கடுத்ததுக்குப் போதாது. மூத்த அக்கா "ஒரு வாரம் பொறுத்துக்கிறோம் கண்ணு" என்றார். வேண்டாம் என்றேன். செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சி போய்க் கடுக்காய் வாங்க வேண்டும்.