எக்ஸ்பல்ஸைக் கொடுத்துவிட்டு ஹிமாலயன் எடுக்கலாமா?

போன மாதம் முழுக்க எனக்கு இந்த ஒரே யோசனைதான். வீட்டில் நிற்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கைக் கொடுத்துவிட்டு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடுக்கலாமா, வேண்டாமா. ராத்திரி படுத்தால் அதே நினைப்பு, கிணற்று மேட்டில் நின்று மோட்டாருக்கு ஒயர் இழுக்கும்போதும் அதே நினைப்பு. இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இதே குழப்பத்தில் இருக்கும் யாருக்காவது பயன்படலாம் என்று எப்படி வந்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் திருவண்ணாமலையில் பம்ப்செட் மோட்டார் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாளாவது ஜவ்வாது மலைக்கு ஏற வேண்டியிருக்கும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை தார் ரோடு, அதுவரை எந்த வண்டியும் போகும். அதற்கு அப்புறம் ஊர் ஊராகப் பிரிகிற பாதைதான் விஷயமே. சில ஊருக்கு சிமெண்ட் ரோடு வந்துவிட்டது. சில ஊருக்கு இன்னும் சாமை நிலத்தின் ஓரமாகச் செம்மண்ணும் உருண்டைக் கல்லுமாக ஒரு தடம், நடுவில் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டியதும் மூச்சு வாங்க வைக்கும் ஒரு மேடு. முன்பு ஸ்ப்ளெண்டரில்தான் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில் நிறுத்திவிட்டு டூல்ஸ் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன்.

2019 கடைசியில் இந்த எக்ஸ்பல்ஸ் வந்தது. அன்றிலிருந்து நடந்ததே இல்லை. முன் சக்கரம் 21 அங்குலம் என்பது காகிதத்தில் ஒரு எண்தான், ஆனால் தேங்காய் அளவு கல் எதிரே வரும்போது அதன் அர்த்தம் தெரியும். சின்னச் சக்கரம் கல்லில் முட்டி நின்றுவிடும், இது உருண்டு மேலே ஏறி இறங்கிவிடும். தரைக்கும் வண்டிக்கும் நடுவே 220 மில்லிமீட்டர் இடைவெளி. சைலன்சர் மேலே தூக்கி இருப்பதால் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரிலும் பயமில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முன் பிரேக்குக்கு மட்டும்தான், அதனால் மண் சரிவில் இறங்கும்போது பின் சக்கரத்தைப் பூட்டி வண்டியை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பாதிக்கு மேல் மலைப் பாதைதான்.

அப்புறம் ஏன் மாற்ற வேண்டும்?

தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக நானும் மனைவியும் இதிலேயே சென்னை போனோம். செஞ்சி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. திண்டிவனத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் எதிர்க்காற்று. ஆள் இரண்டு, பை இரண்டு. 80-க்கு மேல் போனால் இன்ஜின் கத்துகிறது, கைப்பிடியில் அதிர்வு ஏறுகிறது, பின்னால் வரும் ஆம்னி பஸ் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. லாரியை முந்தலாம் என்று ஆக்சிலரேட்டரை முழுசாக முறுக்கினால் அங்கே மேற்கொண்டு எதுவும் இல்லை. 18 குதிரைத்திறன் வண்டி, ஐந்து கியர், அதற்கு மேல் அதனிடம் என்ன கேட்பது? வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இனிமே சென்னைக்குன்னா பஸ்லயே போயிடலாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

இன்னொரு காரணம் லடாக். பத்து வருட ஆசை. மணாலியிலிருந்து லே போகிற வழியில் தங்லாங் லா, லே தாண்டினால் கர்துங் லா, இரண்டு கணவாய்களுமே 5,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. இன்ஜினுக்குள் போகும் காற்று பாதியானால் சக்தியும் கிட்டத்தட்ட பாதிதான். என் வண்டி அங்கே ஒன்பது குதிரையோடு ஏற வேண்டும். ஹிமாலயன் 450-க்கு 40 குதிரை, பாதியாகக் குறைந்தாலும் 20 மிச்சம். என் வண்டி திருவண்ணாமலையில் தருவதைவிட அதிகமாக அது கர்துங் லாவில் தரும்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றே டெஸ்ட் ரைடுக்குப் பேர் கொடுத்துவிட்டேன்.

ஓட்டினேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையான வண்டி. 452 சிசி, தண்ணீர் கூலிங், ஆறு கியர். டார்க், அதாவது இழுவை, மட்டும் 40 நியூட்டன் மீட்டர், என்னுடையதில் 17 சொச்சம்தான். மூன்றாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்து லேசாக முறுக்கினாலே யாரோ இடுப்பைப் பிடித்துத் தள்ளுவதுபோல முன்னால் போகிறது. 100-ல் கண்ணாடி அசையாமல் இருக்கிறது, பின்னால் வருகிற காரின் நம்பரைப் படிக்கலாம். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், பைபாஸ் ஓரத்தில் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்தேன், இடுப்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. இறங்கி நின்றபோது கை காலெல்லாம் லேசாக நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தள்ளிப் பின்னால் திருப்பச் சொன்னார்கள். அப்போதுதான் எடை தெரிந்தது. 196 கிலோ. என் வண்டி 154. வித்தியாசம் 42 கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை.

அந்த நிமிடம் எனக்குப் போன ஐப்பசி ஞாபகத்துக்கு வந்தது. புதூர்நாடு பக்கம் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரை ஏற்றி இறக்கி வேலை முடித்தபோது மணி ஐந்தரை, மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், ஆனால் அடியில் பாசி பிடித்த கூழாங்கல். முன் சக்கரம் ஒரு கல்லிலிருந்து வழுக்கி இன்னொரு கல்லுக்குப் போக, வண்டி இடது பக்கமாக மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. எனக்கு அடி இல்லை. போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை ஆளும் இல்லை. பெட்ரோல் வாசனை வர, முதலில் இன்ஜினை அணைக்கும் கில் ஸ்விட்சை அமுக்கினேன். டூல்ஸ் பையை அவிழ்த்துக் கரையில் போட்டேன். வண்டி உருளாமல் இருக்க கியரில் விட்டேன், ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுசாக ஒடித்தேன், சீட்டின் விளிம்பில் முதுகைக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் பின் கேரியரையும் பிடித்துக்கொண்டு காலால் தரையை உந்திப் பின்னோக்கி நடந்தேன். முதல் தடவை பாதி வந்து ஷூ வழுக்கித் திரும்பவும் விழுந்தது. இரண்டாம் தடவை நிமிர்ந்துவிட்டது. மூச்சு நிதானமாகப் பத்து நிமிடம் ஆனது. 154 கிலோவுக்கே அப்படி. அதே ஓடையில் 196 கிலோ வண்டி படுத்திருந்தால் யாராவது வரும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்கு வயது 43. பலம் இனிமேல் கூடப் போவதில்லை.

மோட்டார் வாங்க வருகிறவர்களிடம் நான் தினமும் சொல்வது ஒன்று உண்டு. கிணற்றில் ஊறுவது ஐந்து எச்.பி. மோட்டாருக்குத்தான் காணும் என்றால் ஏழரை எச்.பி. போடாதீர்கள், அரை மணி நேரத்தில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரியும். எனக்கு வருஷத்தில் நெடுஞ்சாலை ஓட்டம் நாலு தடவை, லடாக் ஆயுளில் ஒரு தடவை. மலைப் பாதை நூறு நாள். அந்தப் பாதையில் நான் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஊர்ந்துகொண்டிருப்பவன், 18 குதிரையே அங்கே முழுசாகச் செலவாவதில்லை.

பணக் கணக்கும் பார்த்தேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரைக்குமான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது, அதற்கு மேல் போனால் 40 சதவீதம். ஹிமாலயனின் ஷோரூம் விலையே மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு ரோடு டாக்ஸ் 12 சதவீதம், அதுவே 36,000-க்கு மேல். இன்சூரன்ஸ் தனி. என் பழைய வண்டிக்கு எக்ஸ்சேஞ்சில் சொன்ன விலை 48,000. ஆறு வருடம் எனக்குச் சோறு போட்ட வண்டிக்கு அந்தத் தொகையைக் கேட்டபோது நிஜமாகவே மனசு வலித்தது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றுதான் எனக்கு ரொம்ப முக்கியம். விற்பதானால் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்று வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கிலிருந்து, அதைத்தான் கோன் செட் என்பார்கள், டக் டக்கென்று சத்தம். "கோன் செட் போயிருக்கு தம்பி. ஃபோர்க் ஆயில் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. கிளட்ச் பிளேட் தேஞ்சு வழுக்குது. அப்புறம் வண்டி இழுக்கலைன்னா எப்படி இழுக்கும்?" என்றார். கழற்றிய பிளேட்டைக் கையில் கொடுத்தார், ஓரமெல்லாம் கருகி, விரலால் தேய்த்தால் மையாக ஒட்டியது. இன்ஜின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை என்று நான் சென்னை ரோட்டில் திட்டியதில் பாதிக்குக் காரணம் இந்தப் பிளேட். எல்லாம் மாற்ற, செயின் ஸ்பிராக்கெட்டோடு சேர்த்து, பன்னிரண்டாயிரம் ஆனது.

எடுத்துக்கொண்டு நேராகப் போளூர் ரோட்டில் ஓட்டினேன். இரண்டாவது கியரில் முறுக்கியதும் பழையபடி பிடித்து இழுத்தது. ஹிமாலயன் மாதிரி இல்லைதான், அந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது, 90-க்கு மேல் அதிர்வும் இருக்கிறது. அது இந்த வண்டியின் எல்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, விற்கவில்லை. சென்னைக்குப் பஸ். லடாக்குக்கு என்ன செய்வது என்று விசாரித்தேன். லேயில் வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது, ஹிமாலயன்களே நிறைய இருக்கின்றன. வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டியை லடாக்கில் ஓட்ட அங்குள்ளவர்கள் விடுவதில்லை என்பதால், லே வரை விமானத்தில் போய் அங்கேயே எடுப்பதுதான் சரி. போனதும் இரண்டு நாள் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்கிவிட்டு, 40 குதிரையும் எங்கே தேவையோ அங்கே மட்டும் ஓட்டிக்கொள்கிறேன். மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

என்றைக்காவது இந்த வண்டி நிஜமாகவே தளர்ந்தால் பார்க்க வேண்டியது எக்ஸ்பல்ஸ் 210 என்றுதான் இப்போதைக்குத் தோன்றுகிறது. 24 குதிரைக்கு மேல், ஆறு கியர், எடை 168 கிலோ. அந்தப் பதினாலு கிலோவை ஓடையில் தூக்க முடியுமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவசரம் இல்லை.

நாளைக்குக் காலையில் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு ஊரில் இரண்டு எச்.பி. மோட்டார் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லையாம். கெப்பாசிட்டர் போயிருக்கும். பையைக் கட்டி வைத்துவிட்டேன், டயரில் காற்று கொஞ்சம் குறைத்துவிட்டேன். நேற்று அங்கே மழையாம்.